படையில் மருந்து கொடுப்பவர்

(மட்டாஞ்சேரியில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராணுவத்தில் பார்மஸிஸ்ட் உத்யோகம் பற்றிப் பேச வேண்டும், கேட்க வருபவர்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இருப்பார்கள் என்று நிர்வாகிகள் சொன்னார்கள். தலைப்பைப் பார்த்த ஒரு மாமி, "ராணுவத்தில் டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, சமையல்காரர்கூட உண்டு என்று தெரியும். பார்மஸிஸ்டும் உண்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாதுகாப்புப் படை ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் சிவிலியன் பார்மஸிஸ்டாக வேலை பார்த்தவன் நான். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் என்னை "மிலிட்டரி கம்பவுண்டர்" என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அந்த வேலை என்னவென்று தெரியாமலே நம் பிள்ளைகள் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

முதலில் ஊர்க்கதை. படைவீரர்களுக்கு மருந்து எங்கிருந்து வருவது என்ற கவலை இந்தக் கொச்சிக்குப் புதிதல்ல. 1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். அடுத்த பத்தாண்டில் இங்கே அதிகாரியாக வந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். அவருடைய சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் வேண்டிய மருந்து ஐரோப்பாவிலிருந்து பல மாதம் கப்பலில் வர வேண்டும். வந்து சேரும்போது பாதி வீரியம் போயிருக்கும். அப்படி அதிக விலை கொடுத்து வாங்கும் சரக்குகளில் பல, மலபாரிலிருந்தே போய்ச் சுற்றிவிட்டு மறுபடி இங்கே வருபவை என்பதையும் அவர் கவனித்தார். இங்கே விளைவதை இங்கேயே தெரிந்துகொள்வோம் என்று ஆரம்பித்த வேலைதான் ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற பெரிய நூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. 742 செடிகொடிகள் அதில் இருக்கின்றன.

அந்த நூலுக்கு விஷயம் சொன்னவர்களில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் இருந்தார். நம் அண்டை வீட்டுக்காரர்களான கொங்கணி சமூகத்தைச் சேர்ந்த ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று வைத்தியர்களும் இருந்தார்கள். அவர்கள் 1675-ல் எழுதிக் கொடுத்த நற்சான்று அந்த நூலிலேயே அச்சாகியிருக்கிறது. மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு பேராசிரியர் கே.எஸ். மணிலால் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2003-ல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பொதுவாக இதைத் தாவர சாஸ்திர நூல் என்பார்கள். நான் அதைப் படைக்கு மருந்து சேகரம் செய்யப் போட்ட பட்டியலாகவும் பார்க்கிறேன். எது கிடைக்கும், எது கெடாமல் இருக்கும், யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விகளை வைத்துக்கொண்டுதான் நாங்களும் தினம் கடையைத் திறந்தோம்.

மாத்திரையும் ஒரு ஆயுதம்

ராணுவத்தில் மருந்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டாம் உலக யுத்தத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. நம் வீடுகள் பலவற்றில் பர்மாவிலிருந்து நடந்து வந்த தாத்தாவின் கதை உண்டு. அந்த பர்மா முனையில் 14-ஆவது ராணுவத்துக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஸ்லிம் தன் நினைவுக் குறிப்பில் ஒரு கணக்கு தருகிறார். 1943-ல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒரு சிப்பாய்க்கு, நோய்வாய்ப்பட்டு அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். எதிரியின் குண்டு செய்ததைவிட மலேரியாக் கொசுவும் சீதபேதியும் செய்த நாசம் அதிகம்.

மெப்பாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரை கையில் இருந்தது. தினம் விழுங்கினால் மலேரியா தலைகாட்டாது. ஆனால் சிப்பாய்கள் விழுங்கவில்லை. தோல் மஞ்சளாகிறது, ஆண்மை போய்விடும் என்றெல்லாம் வதந்தி. ஸ்லிம் என்ன செய்தார்? முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பட்டாளத்தையே நிறுத்திப் பரிசோதிக்கச் சொன்னார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உடம்பில் மருந்து இல்லையென்றால் அந்தப் பட்டாளத்தின் கமாண்டிங் ஆபீஸருக்கு வேலை போயிற்று. மூன்று பேரை நீக்கிய பிறகு எல்லோருக்கும் புரிந்துவிட்டது. 1945-க்குள் நோயாளிகள் தொகை அதிசயமாகக் குறைந்தது.

மருந்து டெப்போவில் இருந்தால் போதாது, சிப்பாயின் கையில் இருந்தாலும் போதாது, வயிற்றுக்குள் போக வேண்டும் என்பதே இதில் பாடம். டெப்போவிலிருந்து வயிறு வரைக்கும் போகும் வழியில் காவல் நிற்பவர்தான் பார்மஸிஸ்ட்.

அந்த யுத்தத்தின் நடுவில், 1943 ஏப்ரல் 3-ஆம் தேதி, தனித்தனியாக இருந்த மருத்துவப் பிரிவுகளை ஒன்றாக்கி இந்திய ராணுவ மருத்துவப் படையை அமைத்தார்கள். இன்றும் ஏப்ரல் 3-ஐ அந்தப் படையின் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இன்னொரு விஷயமும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் உங்கள் தெருமுனை மருந்துக் கடைக்குச் சட்டம் வந்ததற்கும் ஒரு ராணுவ டாக்டர்தான் காரணம். இந்தியன் மெடிக்கல் ஸர்வீஸைச் சேர்ந்த கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் 1930-ல் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. போலி மருந்தும் தரம் குறைந்த மருந்தும் தாராளமாகப் புழங்குகின்றன, மருந்து கலப்பவருக்கு முறையான படிப்பும் பதிவும் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. அதன் பலனாக 1940-ல் மருந்துச் சட்டமும், 1948-ல் பார்மஸி சட்டமும் வந்தன. பதிவு பெற்ற பார்மஸிஸ்ட் இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்ற விதி அப்படி வந்ததுதான்.

தினசரி வேலை

எங்கள் வேலை காலையில் ஸிக் பரேடோடு ஆரம்பமாகும். ராணுவத்தில் உடம்பு சரியில்லை என்றால் அதற்கும் ஒரு பரேட் உண்டு. ஒவ்வொரு பட்டாளத்திலும் எம்.ஐ. ரூம் என்ற ஒரு சின்ன வைத்தியசாலை இருக்கும். சிப்பாய்கள் அங்கே வரிசையில் வருவார்கள். டாக்டர் பார்த்து எழுதுவார், மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். பெரிய நோய் என்றால் ஆஸ்பத்திரி. சிப்பாயின் குடும்பமும் அதே வரிசையில்தான். காலையில் ஏழு மணிக்குப் பட்டாளக்காரர், பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு அவர் மனைவி, பதினொன்றுக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் அவருடைய வயதான அப்பா.

மருந்து வரும் வழியையும் சொல்லுகிறேன். மும்பை, லக்னோ, டில்லி கண்டோன்மெண்ட், புனே ஆகிய இடங்களில் ஆயுதப் படைகளின் மருத்துவ ஸ்டோர்ஸ் டெப்போக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மருந்துக்கும் பஞ்சுக்கும் ஊசிக்கும் ஒரு எண் கொடுத்த பெரிய பட்டியல் ஒன்று உண்டு. பி.வி.எம்.எஸ். என்பார்கள். அந்த எண்ணைப் போட்டு இன்டென்ட் அனுப்ப வேண்டும். பட்டியலில் மருந்தின் பெயர்தான் இருக்கும், கம்பெனிப் பெயர் இருக்காது. "போன மாதம் சிவப்பு அட்டையில் கொடுத்தீர்கள், இந்த மாதம் வெள்ளை அட்டை, இது டூப்ளிகேட்டா?" என்று தினம் பத்துப் பேராவது கேட்பார்கள். பதில் சொல்லுவதும் எங்கள் வேலை. அட்டையின் நிறம் மாறலாம், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் மாறவில்லையா என்று பாருங்கள் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வீட்டுக்குப் போய்ப் பழைய சிவப்பையும் புதிய வெள்ளையையும் சேர்த்து விழுங்குவார். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காப்பது. மட்டாஞ்சேரி மாமிகளுக்கு நான் பெரிதாக விளக்க வேண்டாம். மிதுனம், கர்க்கடக மாதங்களில் பப்படம் என்ன ஆகும்? உப்பு ஜாடி என்ன ஆகும்? மருந்துக்கும் அதே கதிதான். காப்ஸ்யூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கல்லாகும். ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால், ஈரம் உள்ளே புகுந்து மாத்திரை உடைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தேதி பாக்கி இருக்கிறதே என்று அதைக் கொடுக்க முடியாது. தடுப்பூசியும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலை மாலை இரண்டு வேளையும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சந்தியாவந்தனம் தவறினாலும் அது தவறக் கூடாது என்று என் முதல் மேலதிகாரி, அவரும் நம்மவர்தான், வேடிக்கையாகச் சொல்லுவார்.

லடாக் பக்கம் போனால் விஷயம் தலைகீழ். அங்கே மருந்தைக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும். இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால், உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் உபயோகமில்லை. தூக்கிப் போட வேண்டியதுதான். பனியில் பாதை அடைபடும் மாதங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஏற்றிவிட வேண்டும். கணக்கு குறைந்தால் மருந்து இல்லை. கூடினால் வசந்தத்தில் காலாவதியான பெட்டிகள் கிடக்கும். நம் வீடுகளில் மாவடு ஜாடியில் பழையதை முன்னால் வைத்து, புதியதைப் பின்னால் வைப்பார்களே, அந்த சாஸ்திரம்தான் எங்கள் ஸ்டோர்ஸிலும். முதலில் காலாவதி ஆவது முதலில் வெளியே போக வேண்டும்.

கப்பலில் இன்னொரு விதம். சிறிய போர்க்கப்பல்களில் டாக்டர் கிடையாது. மெடிக்கல் அஸிஸ்டென்ட் என்ற கடற்படை வீரர்தான் டாக்டருக்கு, நர்ஸுக்கு, பார்மஸிஸ்டுக்கு எல்லாம் பதில். கடலில் மருந்து தீர்ந்தால் தோப்பும்படிக்கு ஆள் அனுப்பி வாங்க முடியாது. ஆகவே கப்பல் கிளம்பும் முன்பு கரையில் இருக்கும் மருந்தகம்தான் யோசித்து அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த ஊர் நம் ஊர். 2004 டிசம்பர் சுனாமியில் ஐ.என்.எஸ். ஜமுனா, ஐ.என்.எஸ். நிருபக் என்ற இரண்டு கடல் ஆய்வுக் கப்பல்களை மிதக்கும் ஆஸ்பத்திரிகளாக மாற்றி, முன்னதை இலங்கைக்கும் பின்னதை இந்தோனேஷியாவுக்கும் அனுப்பினார்கள். 2020 மே 10-ஆம் தேதி ஞாபகம் இருக்கும். கொரோனா சமயத்தில் மாலத்தீவில் சிக்கிய 698 பேரை ஐ.என்.எஸ். ஜலாஷ்வா இதோ எதிரே இருக்கும் வெலிங்டன் தீவில் கொண்டுவந்து இறக்கியது. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அதே தினம் ஐ.என்.எஸ். கேசரி என்ற கப்பல், உணவுப் பொருளும் மருந்தும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு, மொரீஷியஸ், மடகாஸ்கர், கொமொரோஸ், செய்ஷெல்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுக்குக் கிளம்பியது. ஜூன் இறுதியில் கொச்சி திரும்பியது. ஐந்து நாட்டுக்கும் பட்டியல் போட்டு, பேட்ச் நம்பர் குறித்து, தேதி பார்த்து, பெட்டி கட்டியவர்கள் யார் என்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம். பெட்டி திறந்த இடத்தில் மருந்து சரியாக இருந்தால் அதுவே எங்களுக்குப் பத்மஸ்ரீ.

இல்லை என்று சொல்லும் வேலை

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பார்மஸிஸ்ட் மருந்து கொடுப்பவர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொடுப்பது சுலபம். கொடுக்க முடியாது என்று சொல்லுவதுதான் கஷ்டம். வெளியே மருந்துக் கடையில் இல்லை என்றால் ஒரு வாடிக்கையாளர் போவார், அவ்வளவுதான். ராணுவத்தில் எதிரே நிற்பவரின் தோளில் நட்சத்திரம் இருக்கும். சொல்லுகிறவர் ஹவில்தாராகவோ, என்னைப் போல ஒரு சிவிலியனாகவோ இருப்பார். மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே இருப்பவர் செய்ய வேண்டும் என்பதே ராணுவத்தின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரத்தின் மேல் நின்றுகொண்டு, "ஸார், இந்த அளவு சரியில்லை" என்று சொல்ல வேண்டியவர் பார்மஸிஸ்ட்.

ஒரு சம்பவம் சொல்லுகிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் என்பதெல்லாம் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சுபேதாரின் மனைவி முடக்குவாதத்துக்கு மருந்துச் சீட்டு கொண்டுவந்தார். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. இந்த நோய்க்கு அதை வாரத்துக்கு ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினம் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை கெட்டு, வாய் புண்ணாகி, உயிருக்கே ஆபத்து. சீட்டில் தினம் ஒன்று என்று எழுதியிருந்தது. எழுதியவர் அன்று காலை முதல் எழுபது எண்பது நோயாளிகளைப் பார்த்துக் களைத்துப் போன ஒரு இளம் கேப்டன்.

என் பக்கத்தில் இருந்த ஹவில்தார் திருநெல்வேலிக்காரர். பன்னிரண்டாம் வகுப்போடு படையில் சேர்ந்து அனுபவத்தில் தொழில் கற்றவர். அவர் அந்த அம்மாவை, "உட்காருங்க அக்கா, ஸ்டோர்ஸிலிருந்து எடுத்து வரணும்" என்று பெஞ்சில் உட்கார வைத்தார். சீட்டை எடுத்துக்கொண்டு கேப்டன் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஸல்யூட் அடித்தார். "தப்பாக எழுதியிருக்கிறீர்கள்" என்று சொல்லவில்லை. "ஸார், எழுத்து எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஒரு தடவை படித்துக் காட்ட முடியுமா?" என்று சீட்டை நீட்டினார். கேப்டன் சற்று எரிச்சலோடு வாங்கி வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்தினார். பேனாவை எடுத்து அடித்து, வாரம் ஒரு முறை, இன்ன கிழமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து நின்று ஹவில்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே வந்து அந்த அம்மாவிடம் மருந்தைக் கொடுத்து, "வாரத்தில் ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று மூன்று தடவை சொல்லி, அவர் வாயாலும் சொல்ல வைத்தார். அந்த அம்மாவுக்குக் கடைசி வரை என்ன நடந்தது என்று தெரியாது. நான் கல்லூரியில் படித்த மருந்தியல் முழுவதும் எனக்கு அன்றுதான் அர்த்தமாயிற்று. இல்லை என்று சொல்லுவதற்கு முதலில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அடுத்து தைரியம் வேண்டும், கடைசியாக எதிரே இருப்பவரின் கௌரவம் கெடாமல் சொல்லும் வித்தை வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் நடக்காது.

சின்ன இல்லைகளும் உண்டு. சீட்டு இல்லாமல் ஆர்டர்லியை அனுப்பி, "மேம் ஸாப் ஊருக்குப் போகிறார், ஆன்டிபயாட்டிக் ஒரு ஸ்ட்ரிப்" என்று கேட்பார்கள். கொடுத்தால் எல்லோருக்கும் நல்லவனாக இருக்கலாம். கொடுக்கக் கூடாது. கண்ட நேரத்தில் இரண்டு நாள் மட்டும் சாப்பிட்டு நிறுத்திய ஆன்டிபயாட்டிக்கால், நிஜமாகவே வேண்டிய நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகும். வெளிக்கடைகளுக்கே 2014 மார்ச் முதல் 46 மருந்துகளுக்கு ஹெச்-1 என்ற கடுமையான அட்டவணை வந்துவிட்டது. யாருக்கு விற்றோம் என்று எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மார்ஃபின் போன்ற வலி மருந்துக்கு எங்களிடம் இரட்டைப் பூட்டும் தனி ரிஜிஸ்டரும் உண்டு. ஓர் ஆம்ப்யூல் கை தவறி உடைந்தால், உடைந்த கண்ணாடிக்கும் கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நம்மவர்களுக்குக் கணக்கு வரும் என்று பெயர். அந்தப் பெயர் இங்கே நன்றாக உபயோகப்படும்.

சிப்பாய் என்ற சொல்

இப்போது குறையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆள் சேர்க்க வந்தவன் என்று நினைப்பீர்கள்.

அமெரிக்க ராணுவத்தில் 1943-ல் பார்மஸிஸ்டுகளுக்கென்றே தனிப் பிரிவு அமைக்கச் சட்டம் போட்டார்கள். அதற்காக அந்த ஊர் பார்மஸிஸ்டுகள் பல வருஷம் போராடினார்கள். இன்று அங்கே பார்மஸிஸ்ட் ஆபீஸராகவே சேருகிறார். நம் ராணுவத்தில் டி.ஃபார்ம்., பி.ஃபார்ம். படித்தவர் சேரும் பதவியின் பெயர் "சிப்பாய் ஃபார்மா". பூஜை செய்யும் பண்டிதர் நம் ராணுவத்தில் நேராக நாயப் சுபேதாராகச் சேருகிறார். நாலு வருஷம் மருந்தியல் படித்துப் பதிவு பெற்றவர் சிப்பாயாகச் சேருகிறார். பண்டிதருக்குக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. மருந்துச் சீட்டைத் திருத்தச் சொல்லும் பொறுப்பு உள்ளவருக்கு, அதைச் சொல்லுவதற்கு வேண்டிய அந்தஸ்தும் கொஞ்சம் கொடுக்க வேண்டாமா என்பதே என் கேள்வி. அந்த ஹவில்தாருக்கு வித்தை இருந்தது, அதனால் பிழைத்தோம். எல்லோருக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நம் வீடுகளில் "படித்துவிட்டு சிப்பாயா?" என்று கேட்பதும் இதனால்தான். எனக்குப் புரிகிறது. ஆனாலும் பெற்றவர்களிடம் ஒன்று சொல்லுவேன். மரியாதை வரும் வரை நல்லவர்கள் வெளியே நின்றால், மரியாதை கேட்பதற்கு உள்ளே ஆள் இருக்க மாட்டார்கள். சிப்பாயாகச் சேருகிறவர் சிப்பாயாகவே ஓய்வு பெற வேண்டும் என்பதும் இல்லை. பதவி உயர்வுக்கு வழி இருக்கிறது.

சேருவது எப்படி?

இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடம் எடுத்தவர்கள் இரண்டு வருஷ டி.ஃபார்ம். அல்லது நாலு வருஷ பி.ஃபார்ம். படிக்கலாம். டி.ஃபார்மில் படிப்பு முடிந்து 500 மணி நேரம் மருந்தகத்தில் நேரடிப் பயிற்சி வேண்டும். டிப்ளமா முடித்தவர்கள் பதிவுக்கு முன்பு ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. பிறகு மாநில பார்மஸி கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது.

ராணுவத்தில் சிப்பாய் ஃபார்மாவுக்கு 19 முதல் 25 வயது. டி.ஃபார்ம். என்றால் 55 சதவிகிதமும், பி.ஃபார்ம். என்றால் 50 சதவிகிதமும் வேண்டும் என்று அறிவிப்புகளில் கேட்கிறார்கள். ஓட்டமும் உடல் தகுதியும் மற்ற சிப்பாய்களைப் போலத்தான், அதில் சலுகை கிடையாது. விமானப் படையில் மெடிக்கல் அஸிஸ்டென்ட் பிரிவில் பார்மஸி படித்தவர்களை எடுக்கிறார்கள். சீருடை வேண்டாம் என்பவர்களுக்கு, பெண்களுக்கும் சேர்த்துத்தான், பாதுகாப்பு அமைச்சகத்தின் சிவிலியன் பார்மஸிஸ்ட் வேலைகள் உண்டு. ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் ஐந்தாம் நிலைச் சம்பளம். இடங்கள் குறைவு, அறிவிப்பைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாலாவது வழி, 2003 ஏப்ரலில் ஆரம்பித்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.ஸி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்குகள். அங்கே ஒப்பந்த அடிப்படையில் பார்மஸிஸ்டுகளை எடுக்கிறார்கள். நிரந்தரம் இல்லை, ஆனால் தொழில் கற்றுக்கொள்ள நல்ல இடம். வயதும் மதிப்பெண்ணும் மாறக்கூடியவை. அந்தந்த வருஷ அதிகாரபூர்வ அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

மருந்து விழுங்குகிறவர்களுக்கும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். மருந்தைச் சமையலறையிலும் குளியலறையிலும் வைக்காதீர்கள், இந்த ஊர் ஈரத்துக்கு அவை இரண்டும் ஆகாது. இன்சுலினை ஃப்ரிட்ஜின் கதவிலும் வைக்காதீர்கள், ஐஸ் பெட்டியை ஒட்டியும் வைக்காதீர்கள், நடுத்தட்டில் வையுங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம், மருந்தின் பெயர். பார்மஸிஸ்ட் உங்களிடம் ஏதாவது கேள்வி கேட்டாலோ, டாக்டரைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று பத்து நிமிஷம் காக்க வைத்தாலோ கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் உங்களுக்காக ஒருவரிடம் போய் நின்றுகொண்டிருக்கலாம்.

ராணுவ மருத்துவப் படையின் குறிக்கோள் வாக்கியம் ஸம்ஸ்கிருதத்தில் இருக்கிறது. எல்லோரும் நோயில்லாமல் இருக்கட்டும் என்று பொருள். நாம் பூஜை முடிவில் சொல்லுகிற பிரார்த்தனைதான். பிரார்த்தனையை மாத்திரைக் கணக்காக மாற்றித் தினம் கவுண்டரில் கொடுக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேராவது அந்தக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால், இன்று இங்கே பேசியதற்குப் பலன் கிடைத்ததாக நினைத்துக்கொள்வேன்.